ஒரு பலகை எத்தனை கிழமை தாங்கும்? இளையோர் ஸ்கேட்போர்ட் குழுவும் அனுசரணையும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் விளையாட்டு அனுசரணைக்கு ஒரு பழகிய வழி இருக்கிறது. மென்பந்துச் சுற்றுப்போட்டி வரும். ஊர்க் கடைக்காரர் ஒருவர் கழகத்துக்கு ஜேர்சி அடித்துக் கொடுப்பார். முதுகில் கடைப் பெயர், கடைசியில் கிண்ணத்தோடு ஒரு படம், அத்தோடு கணக்கு முடிந்துவிடும். அந்த ஜேர்சி அடுத்த வருடமும் கிடக்கும். ஸ்கேட்போர்ட் ஓடும் பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்து உதவ வருகிறவர்களும் பெரும்பாலும் இதே கணக்கோடுதான் வருகிறார்கள்: 6 பிள்ளைக்கு 6 பலகை, 6 ரீசேர்ட், ஒரு படம். மூன்றாம் மாதம் பார்த்தால் ஆறில் பாதி ஓடாமல் சுவரோரம் சாத்திக் கிடக்கும். பாவிக்கத் தெரியாமல் உடைத்துவிட்டார்கள் என்று பேச்சு வரும். அது தவறான பேச்சு. நன்றாக ஓடுகிற பிள்ளையின் பலகைதான் முதலில் உடையும்.

ஸ்கேட்போர்ட் என்பது பயிற்சி எடுக்க எடுக்கத் தேய்ந்து தீருகிற சாமான். ஆகவே அனுசரணையின் பெறுமதி முதல் நாள் கொடுக்கும் பலகையில் இல்லை; ஆறாம் மாதம் மாற்றிக் கொடுக்கும் சில்லிலும், சில்லைச் சுழல வைக்கும் பெயாரிங்கிலும் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் குழுவில் இருந்த காலம் நல்லதாக அமையுமா, கசப்பாக முடியுமா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. உடைந்ததை யார் மாற்றுவது? கை முறிந்தால் யார் கூட நிற்பது?

இந்தக் குழு முறை பெயர் பெற்றது ஓர் அலைச்சறுக்குக் கடையை ஒட்டித்தான். கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்காவில் இருந்த ஸெஃபிர் கடை, தன்னைச் சுற்றித் திரிந்த பிள்ளைகளுக்கு நீல ரீசேர்ட் போட்டு 1975 இல் டெல் மார் ஸ்கேட்போர்ட் போட்டியில் இறக்கியது. பெக்கி ஓக்கி என்ற பெண்பிள்ளையும் அதில் இருந்தார். அலையில் குனிந்து கையால் நீரைத் தொடுவதுபோல நிலத்தைத் தொட்டு வளைந்த அவர்களுடைய ஓட்டம் விளையாட்டின் போக்கையே மாற்றியது. ஆனால் பெயர் கிடைத்த கையோடு பெரிய கம்பனிகள் ஆளாளுக்கு இழுத்துக்கொள்ள, குழு விரைவிலேயே சிதறிவிட்டது. பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கடைக்கு அவர்களை வைத்திருக்க வசதி இருக்கவில்லை. அதே குழுவில் ஓடிய ஸ்டேசி பெரால்டா பின்னர் ஜோர்ஜ் பவலோடு சேர்ந்து போன்ஸ் பிரிகேட் குழுவைக் கட்டினார். சின்ன வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்து வருடக்கணக்கில் கூட நின்று வளர்த்தார். இந்த விளையாட்டில் ஆகப் புகழ்பெற்றவரான டோனி ஹோக் 14 வயதில் தொழில்முறை வீரரானது அந்தக் குழுவில் இருந்தபடிதான்.

அறுகம்பையில் இதன் சாயல் உண்டு. அலைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பலகைகளைப் பார்த்தும் இரவல் வாங்கியும்தான் பொத்துவில் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்த ஆசை பிடிக்கிறது. அனுசரணை கொடுக்கக்கூடியவர்களும் அலைச்சறுக்குக் கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள்தான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அலைப் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபரோடு முடிகிறது. கடையில் காசு புழங்குவதும் அப்போதுதான். நவம்பரில் மாரி தொடங்கினால் ஜனவரி வரை திறந்த வெளியில் ஓட முடியாது. பெப்ரவரியில் நிலம் காய்ந்து பிள்ளைகள் மறுபடி இறங்கும்போது பெயாரிங் துருப்பிடித்திருக்கும், பலகை ஊறியிருக்கும், கடையிலோ காசு இருக்காது. குழுக்கள் சோர்ந்து கலைவது இந்த மாதங்களில்தான். செப்டெம்பரில், கை நிறைந்திருக்கும்போதே, பெப்ரவரிக்கான பலகையையும் சில்லையும் வாங்கிப் பூட்டி வைப்பதுதான் இதற்கு வழி.

உலக மட்டத்தில் அனுசரணைக்கு ஒரு படிவரிசை இருக்கிறது. முதற்படி கடைக் குழு: சாமான் இலவசமாகவோ பாதி விலைக்கோ கிடைக்கும். அடுத்தது ஃப்ளோ: கம்பனி அவ்வப்போது ஒரு பெட்டி அனுப்பும், வாக்குறுதி எதுவும் இருக்காது. அதற்கு மேல் அமெச்சூர்: பெயர் குழுப் பட்டியலில் வரும், பயணச் செலவும் சில இடங்களில் மாதக் காசும் கிடைக்கும். உச்சியில் தொழில்முறை: தன் பெயர் போட்ட பலகை, விற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. கிழக்கில் நடக்கக்கூடியது முதற்படி. அதை முதற்படி என்றே பிள்ளையிடமும் தாய் தகப்பனிடமும் சொல்ல வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் வீதிப் பிரிவில் தங்கம் எடுத்த மொமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி எடுத்த ரைசா லியாலுக்கும் 13 வயது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த இரு நாட்டிலும் அந்த வயதுக்குப் பின்னால் எத்தனை பயிற்சித் திடல், எத்தனை பலகை, எத்தனை வருடம் நிற்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எது தேய்கிறது, ஏன் தேய்கிறது

முழுப் பலகை என்று நாம் சொல்வது ஒரு மரத்தட்டு, கால் வழுக்காமல் அதன்மேல் ஒட்டும் ஒரு கிரிப் தாள், சில்லுகளைத் தாங்கும் உலோக அச்சுகளான 2 ட்ரக், 4 சில்லு, 8 பெயாரிங், 8 நட்டும் போல்டும் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

மரத்தட்டு 7 மேப்பிள் தகடுகளை ஒட்டி அழுத்திச் செய்தது. பெரும்பாலான தகடுகளின் நார் நீளவாக்கில் ஓடும், இடையில் இரண்டு குறுக்கே வரும். தாவும்போது வாலை, அதாவது தட்டின் பின்முனையை, நிலத்தில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் வால் நுனியைத் தின்னும். நாளாந்தம் ஓடுகிற 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு தட்டு ஒன்று முதல் மூன்று மாதம். இப்போதுதான் தள்ளப் பழகுகிற பிள்ளைக்கு ஒரு வருடம்கூட வரும். இங்கே பெரும்பாலான தட்டுகளைக் கொல்வது தாவுவதைவிட நிறுத்துவதுதான். வாலை நிலத்தில் தேய்த்து நிறுத்துவது பிள்ளைகளுக்கு இலகுவாக வந்துவிடும். சீமெந்துத் தரையில் இரண்டு கிழமை அப்படி நிறுத்தினால் வால் கத்திபோலக் கூராகிவிடும். பிறகு தாவவும் முடியாது, பிளந்தும் போகும். முதல் மாதத்திலேயே பின்காலை இறக்கி உள்ளங்காலால் நிறுத்தப் பழக்கினால் தட்டின் ஆயுள் பல கிழமை கூடும்.

அளவும் முக்கியம். 8 முதல் 11 வயதுக்கு 7.25 இலிருந்து 7.5 அங்குல அகலம், வளர்ந்த பிள்ளைக்கு 8 அல்லது 8.25. ட்ரக்கின் அச்சு நீளம் தட்டின் அகலத்திலிருந்து கால் அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. நன்கொடையாக வரும் பெட்டிகளில் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களின் 8.5 அங்குலத் தட்டுகள்தான் இருக்கும். 9 வயதுப் பிள்ளை அதைப் புரட்ட முடியாமல் தவிக்கும். திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சில்லின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் கடினத்தை ஏ அளவிலும் சொல்வார்கள்; ஏ எண் கூடக் கூடச் சில்லு கடினம். 52 அல்லது 53 மில்லிமீற்றர், 99ஏ சில்லு வழவழப்பான கொங்கிரீட்டுக்கு. கரடுமுரடான வீதிக்கும் இன்டர்லொக் கல் பதித்த நடைபாதைக்கும் 54 இலிருந்து 56 மில்லிமீற்றர், 78ஏ முதல் 87ஏ வரையான மென்சில்லு வேண்டும். கடினச் சில்லின் கீழே ஒரு குருணிக்கல் அகப்பட்டாலே பலகை அந்த இடத்தில் நின்றுவிடும், பிள்ளை முன்னால் பறந்துபோய்க் கையூன்றும். கல்லடியிலும் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் காற்று மணலைத் தளத்துக்கு இழுத்து வந்துகொண்டே இருக்கும். எனவே குழு முதலில் வாங்கவேண்டிய சாமான் ஒரு தும்புத்தடி. ஓட முன்பு கூட்டாத தளத்தில் யாரும் இறங்கக் கூடாது. பெரிய சில்லு போட்டால் இன்னொரு ஆபத்து: திரும்பும்போது சில்லு தட்டில் முட்டிப் பூட்டிக்கொள்ளும். ட்ரக்குக்கும் தட்டுக்கும் இடையே எட்டில் ஒரு அங்குல ரப்பர் தட்டை வைத்து, அதற்கேற்ப போல்டையும் அதே அளவு நீளமாக்கினால் அது நிற்கும்.

கடல் உப்பின் முழுக் கோபமும் பெயாரிங்கில்தான் விழுகிறது. ஸ்கேட்போர்ட் பெயாரிங்கின் இலக்கம் 608: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். மோட்டர்களிலும் போடப்படும் பொது அளவு இது. வெளிநாட்டுப் பெட்டி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நகரத்தில் பெயாரிங் விற்கும் கடையில் 608 என்று கேட்டால் போதும். உள்ளே தடித்த கிறீஸ் இருப்பதால் முதல் சில நாட்கள் மந்தமாகச் சுற்றும், பிறகு விட்டுக்கொடுக்கும்.

கழுவும் முறை பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சில்லைக் கழற்றி, பெயாரிங்கின் உள்வளையத்தை ட்ரக் அச்சு நுனியில் கொளுவி நெம்பினால் வெளியே வரும். ரப்பர் மூடியை ஊசிமுனையால் ஓரத்தில் தூக்கலாம். ஜாம் போத்தல் ஒன்றில் மூழ்குமளவு மண்ணெண்ணெய் ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டு, மூடிக் குலுக்க வேண்டும். கறுத்த எண்ணெயை வேறொரு போத்தலில் ஊற்றிவிட்டு மறுபடி புதிதாக ஊற்ற வேண்டும். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தரம். பிறகு பழந்துணியில் தட்டித் துடைத்து, அரை மணித்தியாலம் காயவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தையல் மெசின் எண்ணெய் 2 துளி. அதற்கு மேல் விட்டால் மணலைத்தான் பிடித்து வைக்கும். தேங்காயெண்ணெய் விடுவது நம் வீடுகளில் கை தானாகப் போகிற பழக்கம். அது நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும். தண்ணீரில் கழுவுவது அதைவிட மோசம். குண்டு ஓடும் பாதையில் செம்புள்ளி தெரிந்தாலோ, காதருகே சுற்றும்போது கரகர என்று கேட்டாலோ எறிந்துவிட வேண்டும். அப்படியான பெயாரிங் ஓட்டத்தின் நடுவே இறுகிக்கொள்ளும்.

சாவிகளில் ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது. ஸ்கேட்போர்ட் நட்டுகள் அங்குல அளவு: போல்டுக்கு எட்டில் மூன்று, அச்சுக்கு அரை, ட்ரக்கின் நடு போல்டுக்குப் பதினாறில் ஒன்பது. வீட்டில் கிடக்கும் மில்லிமீற்றர் சாவியில் 13 அச்சு நட்டுக்குச் சுமாராகப் பொருந்தும். நடு போல்டுக்கு 14 போகாது, 15 வழுக்கும். வழுக்கிய நட்டின் மூலைகள் மழுங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த மூன்று அளவிலும் ஆளுக்கொன்றல்ல, குழுவுக்கு ஒன்று போதும்.

மழையில் நனைந்த தட்டை வெயிலில் போடக் கூடாது. ஒரு பக்கம் சட்டென்று காய்ந்து முறுகும். நிழலில், ஓரத்தில் நிறுத்தி இரண்டு நாள் காயவிட வேண்டும். ஒருமுறை நன்றாக ஊறிய தட்டு பழைய துள்ளலுக்குத் திரும்பாது. அதைப் புதிதாகப் பழகும் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.

எல்லாரும் மறப்பது சப்பாத்தை. கிரிப் தாள் என்பது மரத்தச்சர் பாவிக்கும் 80 இலக்க உப்புத்தாளின் கரடு கொண்டது. தாவும் ஒவ்வொரு தடவையும் முன்கால் சப்பாத்தின் சின்னவிரல் பக்கம் அதில் உரசி இழுபடுகிறது. துணிச் சப்பாத்து சில கிழமையில் ஓட்டை விழும், தோல் சப்பாத்து அதைவிடத் தாங்கும். பாடசாலைச் சப்பாத்தோடு வந்து ஓடுகிற பிள்ளைகளுக்கு வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான். தேயும் இடத்தில் முன்கூட்டியே சப்பாத்துப் பசை பூசி ஒரு தோல் துண்டை ஒட்டிவிட்டால் ஒரு மாதம் கூடக் கிடைக்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 6 பேர் கொண்ட குழுவில் இருவர் நன்றாக ஓடுகிறவர்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு தட்டு. நால்வர் நடுத்தரம், நான்கு மாதத்துக்கு ஒன்று. வருடத்துக்கு 24 தட்டு. பெயாரிங், 8 கொண்ட கட்டு ஆளுக்கு 2 ஆக, 12 கட்டு. சில்லு, 4 கொண்ட கட்டாக, 8 கட்டு. சப்பாத்து 25 சோடிக்கு மேல். 6 பலகை கொடுத்துப் படம் எடுத்தவர் கொடுத்தது தட்டுத் தேவையில் கால்வாசி. பெரிய பிள்ளையின் பாதி தேய்ந்த தட்டைச் சின்னவருக்கு இறக்கும் பழக்கம் இருந்தால் 24 ஐ 16 அளவுக்குக் குறைக்கலாம். அதற்கு மேல் குறைக்க முயன்றால் பிள்ளைகள் தாவுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஓட ஓர் இடம்

கார்பெட் வீதி வழவழப்பாகத்தான் இருக்கும். அங்கே பஸ்ஸும் ஓடும். குழுவின் பெயரில் வீதியில் படம் எடுக்க அனுப்பும் அனுசரணையாளரிடம் பிள்ளையை விடக் கூடாது. மட்டக்களப்பில் நல்ல தளம் என்றால் கூடைப்பந்துத் திடல்கள்தான். புனித மிக்கேல் கல்லூரியில் பணிசெய்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் ஊன்றிய பழக்கம் அது. வெபர் மைதானத்தின் பெயரும் அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாருடையது. நிறம் பூசிய திடலில் கடினச் சில்லு கோடு விடும், ட்ரக் உரசினால் பூச்சு பெயரும். அனுமதி கேட்கும் கடிதத்திலேயே மென்சில்லு மட்டும், காலை 6 முதல் 8 வரை, உரசும் வித்தைகள் அதற்கென்று நாங்களே கொண்டுவரும் மரப்பெட்டியில் மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் அதிபர் மறுப்பது குறைவு. பொது இடமென்றால் மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ எழுத்தில் கேட்க வேண்டும்.

தூக்கிச் செல்லக்கூடிய பெட்டியை ஊர்த் தச்சரும் ஒட்டு வேலைக்காரரும் ஒரு நாளில் செய்து தருவார்கள். நீளம் 6 அடி, அகலம் ஓரடி, உயரம் பழகுகிறவர்களுக்கு 8 அங்குலம், மற்றவர்களுக்கு 12. மேலே 18 மில்லிமீற்றர் பிளைவுட், விளிம்பில் ஒன்றரை அங்குல எல் இரும்பு. இரும்பின் கூர்மூலையை அரத்தால் ராவி உருட்டாவிட்டால் காலைக் கிழிக்கும். விளிம்பில் மெழுகுதிரி தேய்த்தால் வழுக்கும். தரையில் பட்டால் அங்கே வழுக்கி விழுவார்கள். வளைவுச் சரிவு செய்வதானால் 3 அடி உயரத்துக்கு 6 அடி ஆரத்தில் வளைவை வரைய வேண்டும். அப்போது நிலத்தில் அது 5 அடி 2 அங்குலம் அளவுக்கு நீளும், உச்சியில் 60 பாகை சாயும். ஆரத்தை 4 அடிக்குக் குறைத்தால் சுவரில் மோதுவதுபோல இருக்கும், சின்னவர்கள் ஏறவே மாட்டார்கள். மாரிக்கு முன்னால் பிளைவுட் எல்லாம் கூரைக்குக் கீழே போக வேண்டும். ஒரு மழைக்காலம் வெளியில் கிடந்தது அடுத்த வருடம் விறகு.

குழுவுக்குள் ஒரு பிள்ளை

தெரிவு செய்யும்போது போனில் காட்டும் நல்ல காட்சி ஒன்றைப் பார்த்து எடுப்பது இலகு. ஆனால் குழுவைத் தாங்குகிறவர்கள் வேறு. விழுந்தபின் பலகையை எறியாமல் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிற பிள்ளை, சின்னவர்களுக்கு வழிவிடுகிற பிள்ளை, தளம் கூட்ட நேரத்துக்கு வருகிற பிள்ளை. வித்தை பழகிக்கொள்ளலாம்.

புதுப் பலகை கையில் வந்த முதல் நாட்களில் ஒன்றைக் கவனிக்கலாம். அதுவரை இரவல் பலகையில் துணிந்து ஓடிய பிள்ளை, சொந்தப் பலகையில் தயங்கும். அடியிலுள்ள படம் கீறுப்படும் என்று பயந்து பெட்டியில் ஏறவே மாட்டான். தாவ நினைத்து வாலை மெதுவாக அடிப்பான், பலகை எழும்பாது, முன்னேறியதெல்லாம் போய்விட்டது என்று முகம் வாடும். அனுபவமுள்ள பயிற்றுநர்கள் முதல் நாளே எல்லாருடைய பலகையையும் பெட்டி விளிம்பில் ஒரு தரம் உரச வைத்து அந்தப் பயத்தை எடுத்துவிடுகிறார்கள். அனுசரணையாளர் தன் சின்னத்தைத் தட்டின் அடியில் போட்டுவிட்டு அது கெடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், பிள்ளையை ஓடாதே என்று சொல்வதற்குச் சமம். சின்னம் தலைக்கவசத்திலும் ரீசேர்ட்டிலும் இருக்கட்டும்.

படம் பிடிக்கும் நாட்கள்தான் ஆகக் கடினம். திரையில் 8 செக்கன் ஓடும் ஒரு வித்தைக்குப் பின்னால் 40, 50 முயற்சிகள் இருக்கும். முதல் 15 இல் பிள்ளை படிப்படியாக நெருங்குவான். 30 ஐத் தாண்டும்போது தாவும் உயரம் குறையத் தொடங்கும், ஒரு கால் பலகையிலும் ஒரு கால் நிலத்திலுமாக இறங்குவான். சுற்றி நிற்பவர்கள் “இன்னொருக்கா, இந்தா வந்துட்டு” என்று ஏற்றிவிடுவார்கள். கணுக்கால் பிரளுவது அந்த இடத்தில்தான்: களைத்த கால், ஏற்றிவிட்ட மனம். ஒரு வித்தைக்கு இத்தனை முயற்சி, பிறகு 20 நிமிடம் இருந்து தண்ணீர் என்று போன் பிடிப்பவருக்கே அதிகாரம் கொடுத்துவிட வேண்டும். பிடிக்கிறவரே ஊக்குவிக்கவும் தொடங்கினால் நிறுத்த ஆளிருக்காது. கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் காலை எட்டரைக்குப் பிறகும் மாலை நாலரைக்கு முன்பும் சீமெந்தில் நிற்பதே தவறு.

பெண்பிள்ளைகளை ஒரு படத்துக்காக மட்டும் நிறுத்திவிட்டு மறந்துவிடும் குழுக்களுக்கு அறுகம்பை நல்ல பாடம். அங்கே 2018 இல் பெண்கள் தங்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் அமைத்தார்கள், தங்கள் நேரத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஸ்கேட்போர்டிலும் அதுதான் வேலைசெய்யும்: தனியான நேரம், தாயோ ராத்தாவோ அக்காவோ உட்கார ஒரு நிழல். நீண்ட அபாயாவின் விளிம்பு பின்சில்லில் சுற்றிக்கொள்ளும், ஆகவே முழங்காலளவு மேலாடையும் கணுக்காலில் இறுகும் காற்சட்டையும் நல்லது. தலைக்கவசத்துக்குக் கீழே முக்காடு மெல்லியதாக, ஒரே மடிப்பாக இருக்க வேண்டும். ஊசி குத்தக் கூடாது. தடித்த மடிப்பு கவசத்தை நழுவ வைக்கும், விழும்போது ஊசி தலையில் ஏறும்.

சோதனை வருடம் வந்தால் தாய் தகப்பன் பலகையைப் பூட்டி வைப்பார்கள். சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளையைக் குழுவிலிருந்து வெட்டுவதைவிட, ஆறு மாதம் இடைநிறுத்தி இடத்தை அப்படியே வைத்திருப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தச் சண்டை எழாது.

விழுந்த பிறகு

குழு அமைக்கப் போகிறவரிடம் எந்தத் தாயும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, விழுந்து கை முறிஞ்சா ஆரு பாக்கிற?” இதற்குத் தெளிவான பதில் இல்லாதவர் குழு அமைக்கக் கூடாது.

கவசம் ஸ்கேட்போர்டுக்கு அல்லது சைக்கிளுக்குச் செய்ததாக இருக்க வேண்டும். உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1492 அல்லது ஈஎன் 1078 என்ற முத்திரை இருக்கும். மோட்டார் சைக்கிள் கவசம் பாரமானது, சின்னக் கழுத்துக்கு ஆகாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரலுக்குள் அமர வேண்டும், நாடிக்குக் கீழே பட்டியில் ஒரு விரலுக்கு மேல் போகக் கூடாது. பலமாக மோதிய சைக்கிள் கவசத்தை, வெடிப்புத் தெரியாவிட்டாலும், மறுபடி போடக் கூடாது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பலகையில் ஏற்றவே கூடாது, 10 வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

கையூன்றி விழுவதுதான் அடிக்கடி நடப்பது. வளரும் பிள்ளையின் மணிக்கட்டெலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது சேதப்பட்டால் வெளியே கோணல் எதுவும் தெரியாமலே இருக்கலாம். அமர்த்தினால் வலிக்கும், அவ்வளவுதான். நம்மூரில் முறிவு நெறிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டுவது நெடுநாள் வழக்கம். பெரியவர்களின் சுளுக்குக்கு எப்படியோ, வளரும் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்காமல் இழுத்துக் கட்டக் கூடாது. பெருவிரல் அடியிலுள்ள குழியில் வலி இருந்தால் முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதுவரை கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டு, கொஞ்சநேரம் மலங்க விழித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ அன்று பலகை இல்லை. நன்றாகிவிட்டேன் என்று பிள்ளை சொன்னாலும் இல்லை. வாந்தி தொடர்ந்தால், தூக்கம் கலையாமல் கிடந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். முதலில் பாடசாலைக்கு முழுநாளும் சிரமமில்லாமல் போய்வரட்டும், அதன் பிறகு மருத்துவர் சொன்னால்தான் பலகை.

அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். செலவு வேறு வழியில் வரும்: பொத்துவிலிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு ஓட்டோ, கூட நிற்கும் தகப்பனின் நாட்கூலி, கிளினிக்குக்குத் திரும்பத் திரும்பப் பயணம். குழுவின் காசில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கென்று தொடாமல் வைத்திருப்பது, இரண்டு பலகை கூட வாங்குவதைவிடப் பெறுமதியானது.

ஒரு தாள்

18 வயது நிறையாதவர் சட்டப்படி பராயமடையாதவர். பிள்ளையிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பெறுமதி இல்லை. தாயோ தகப்பனோ பாதுகாவலரோ வாசித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு எத்தனை தட்டு, எத்தனை கட்டு பெயாரிங், எத்தனை சப்பாத்து என்று எண்ணில் எழுத வேண்டும். “தேவையானவை வழங்கப்படும்” என்ற வரி எதையும் தராது. பிள்ளையின் படத்தை எங்கே போடலாம், எவ்வளவு காலம், எடுக்கச் சொன்னால் எத்தனை நாளில் எடுப்பார்கள் என்பதும் வேண்டும். வேறொருவர் கொடுக்கும் சாமானை ஏற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அந்தச் சாமானை இவர் தொடர்ந்து கொடுக்கும் காலத்துக்கு மட்டும் என்று எல்லை போட வேண்டும். சப்பாத்தே கொடுக்காதவர், இன்னொருவர் தரும் சப்பாத்தைத் தடுக்க முடியாது.

கடற்கரைப் பக்கத்தில் இன்னொன்றைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மதுபானம், சிகரெட் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடுக்கிறது. விடுதி அனுசரணை கொடுக்கலாம். அந்த விடுதியில் விற்கும் பியரின் சின்னம் பிள்ளையின் கவசத்தில் வரக் கூடாது. பயணங்களில் பெரியவர்கள் இருவராவது போக வேண்டும். தனியொருவரோடு பிள்ளையை அனுப்பக் கூடாது, அவர் எவ்வளவு நல்ல ஓட்டக்காரராக இருந்தாலும். சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை எந்தப் பிள்ளையும் தானே அழைக்கலாம், அதைப் பிள்ளைக்குச் சொல்லியும் வைக்க வேண்டும்.

சில வேளை ஒரு பிள்ளை கிடைத்த பலகையை விற்றுவிடுவான். வீட்டில் அரிசி இல்லாத கிழமையாக இருக்கலாம். எல்லார் முன்னாலும் திருடன் என்று நிறுத்துவது அந்தப் பிள்ளையையும் அவனுடைய தம்பியையும் சேர்த்தே இழப்பது. தட்டைப் பிள்ளைக்குச் சொந்தமாகவும், ட்ரக்கையும் சில்லையும் குழுவின் இரவலாகவும் பதிவுபுத்தகத்தில் எழுதி வைத்தால் இந்தச் சங்கடம் குறையும். தேய்ந்த தட்டுக்கு விலை இல்லை, ட்ரக்குக்குத்தான் இருக்கிறது.

விலக்குவதையும் அதே தாளில் எழுத வேண்டும். குழுவின் பட்டியலிலிருந்து தன் பெயர் காணாமல் போனதை ஒரு பிள்ளை போனில் பார்த்துத் தெரிந்துகொள்வதைப் போலக் கொடுமை இந்த விளையாட்டில் வேறில்லை. ஒரு மாதம் முன்பே, வீட்டுக்குப் போய், தாய் தகப்பன் இருக்கும்போது சொல்ல வேண்டும். அந்த மாதத்துச் சாமானைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். கையிலிருக்கும் தட்டையும் கவசத்தையும் திருப்பிக் கேட்கக் கூடாது. காலையில் தளம் திறந்திருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை வந்து ஓடலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.